பூஜையில் நின்ற வில்

யோசனை எனக்கு மலைப்படியில் வந்தது. சித்திரை வெயில், உச்சிவேளை, வெறுங்கால். எல்லாரும் விடிகாலையில் ஏறுவார்கள். என் அம்மா மட்டும் "இப்பப் போனா கூட்டமே இருக்காது" என்று என்னை அந்த நேரத்தில் கிளப்பிவிட்டாள். கூட்டம் இல்லைதான். ஏன் இல்லை என்று என் உள்ளங்கால் இரண்டும் எனக்குச் சொல்லின. ஒவ்வொரு படியும் தோசைக்கல். நான் கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டே ஏறினேன். வழியில் ஒரு துண்டு நிழல் கிடைத்தது. அங்கே ஒற்றைக்காலில் நின்று பாதத்தை ஊதிக்கொண்டிருந்தபோதுதான் பளிச்சென்று தோன்றியது: எனக்காவது குதிக்கக் கால் இருக்கிறது, நம் மைதானத்துத் தகர ஷெட்டில் மூலையில் சாய்ந்து நிற்கிற மூங்கில் விற்கள் என்ன செய்யும்?

அவ்வளவுதான், திரும்பிக் கீழே ஓடத் தொடங்கினேன்.

"ஏய், சாமி மேல இருக்காரு, நீ எங்கடி கீழ ஓடுற?" என்று பின்னால் ஏறிவந்த அம்மா கத்தினாள்.

"வில்லு வேகுதும்மா!"

எதிரே காவடியோடு ஏறிவந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். யோசித்துப் பார்த்தால் அதுவும் தப்பில்லை.

அன்று முதல் இன்று வரை அந்த ஷெட்டுக்கு, அதாவது நம் வில்லறைக்கு, நான்தான் பொறுப்பு. இந்த வாரத்தோடு சாவி உங்கள் கைக்கு வருகிறது. வயது இருபத்தைந்து, ஓய்வு பெறுகிறேன். சிரிக்காதீர்கள், ஓய்வு பெறுகிறவர்கள் புதியவர்களுக்கு அறிவுரை சொல்லலாம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, அந்த வழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் இந்த வார்த்தையையே போட்டேன்.

நாணுக்கு மெழுகு எப்படித் தேய்ப்பது, வில்லைச் சுவரில் எத்தனை அகலமான முளையில் படுக்க வைப்பது, எந்தத் துணியால் துடைப்பது எல்லாம் நீங்களே ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் வேண்டாம். நான் சொல்ல நினைப்பது ஓர் ஆயுத பூஜை நாளைப் பற்றி. எல்லாம் தெரிந்திருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் வாசலில் நின்ற நாள் அது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எய்து முடித்ததும் வில்லிலிருந்து நாணை இறக்கிவிட வேண்டும். நாண் ஏற்றியபடியே விட்டால், மூங்கில் அந்த வளைவையே தன் உருவம் என்று நம்பத் தொடங்கிவிடும். மறுநாள் இழுத்தால் இழுபடும், ஆனால் உதைக்காது. அம்பு சோம்பலாகப் போய் இலக்குக்குக் கீழே குத்தும். இதைத்தான் நாம் 'செட் ஆயிடுச்சு' என்கிறோம். வெயில் இருந்தால் சீக்கிரம் ஆகும். நம் ஊரில் வெயில் எப்போது இல்லை?

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலையில், மாவட்ட அணிக்கான தேர்வு. விடுமுறை என்றால் மைதானம் காலியாகக் கிடைக்கும் என்று அந்த நாளில் வைத்திருந்தார்கள். நம் பக்கத்திலிருந்து போகிறவள் ஜெபசீலி, எங்களுக்கு ஜெபா. கனகம்மாசத்திரத்துப் பெண், அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. முந்தைய வருடம் மயிரிழையில் தவறவிட்டவள். அந்த வருடத்தோடு அந்தப் பிரிவில் அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. இன்னொரு தேர்வு கிடையாது. மூங்கில் வில் பிரிவு என்பதால் ஃபைபர் வில்லை இரவல் வாங்கியும் போக முடியாது. அவள் கைக்கும் அளவுக்கும் பழகியது ஒரே ஒரு வில். அது அறையில் இருந்தது.

பூஜையன்று நான் பொதட்டூர்பேட்டையில் சித்தி வீட்டிலிருந்து வரவேண்டும். பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, கண்ணாடி முழுக்கப் பொட்டு வைத்து, டிரைவர் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கிக் கிளப்புவதற்குள் பாதிக் காலை போய்விட்டது. ஷெட் வாசலில் உடைந்து கிடந்த பூசணிக்காயைத் தாண்டிக் குதித்து அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

எல்லா விற்களும் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம், சாமந்தி. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. நடுநாயகமாக, இரண்டு குத்துவிளக்குக்கும் இடையில், அனல் படும் தூரத்தில், ஜெபாவின் வில். எல்லாமே நாண் ஏற்றி, விறைப்பாக!

"யாருடா நாணை ஏத்துனது?"

பாலாஜி முன்னால் வந்தான். இன்று உங்களுக்கு சீனியர், நீங்கள் எல்லாரும் அறிந்த அதே பாலாஜி. முகத்தில் பெருமை வழிந்தது. "நான்தாங்க்கா. நாண் இல்லாத வில்லு பாக்கறதுக்கு கரும்பு மாரி இருக்குதுக்கா. சாமிக்கு முன்னாடி கரும்பையா வெப்பாங்க?"

"பொங்கலுக்கு வெப்பாங்கடா!"

"இது பொங்கல் இல்லியேக்கா."

அவனிடம் பேசிப் பயனில்லை. உள்ளே கால் வைத்தேன். பின்னால் ஒரு குரல்.

"ஏமே! நில்லு!"

சரோஜம்மா. மைதானமும் ஷெட்டும் அவருடைய இடம். ரோட்டோரம் டிபன் கடை வைத்திருக்கிறார். நமக்கு இடம் கொடுத்த முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டவர்: வருடம் முழுக்க என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், ஆயுத பூஜை மட்டும் என் கையால். அன்று பட்டுப்புடவையில், கையில் கற்பூரத் தட்டோடு நின்றார்.

"பூஜை போட்டாச்சு. நாளைக்கு காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் கை வெக்கக்கூடாது. என் மிக்சிகூட தூங்கிகினுதான் இருக்குது. கத்தியத் தொடக்கூடாதுன்னு காய்கூட நேத்தே நறுக்கி வெச்சிட்டேன்."

இப்போது முற்பகல். மறுநாள் விடியும்வரை, தகரக் கூரையின் கீழ், விளக்குச் சூட்டில், விறைத்த நாணோடு அந்த வில் நின்றால் காலையில் ஜெபா கையில் கிடைப்பது வெறும் வளைந்த குச்சி.

நமக்குப் பயிற்சி தரும் மாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் திருப்பதியில் தரிசன வரிசையில் இருந்தார். போன் லாக்கரில் இருந்தது. முடிவு எடுக்க வேண்டியது நான்.

ஜெபா மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மெதுவாகச் சொன்னேன். எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது.

"உன் வில்லுல பொட்டெல்லாம் வெச்சிட்டாங்க. வீட்டுல ஏதாவது சொல்வாங்களா?"

"அப்பா ஆட்டோவுக்கே சரோஜம்மா பொட்டு வெச்சாச்சுக்கா. அவரு சிரிச்சிகினே போயிட்டாரு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொட்டு இருக்கட்டும்க்கா. நாண எறக்குங்க. எப்டியாவது எறக்குங்க."

பாலாஜி காதோரம் வந்தான். "அக்கா, அந்தம்மா சாப்டுட்டு ஒரு தூக்கம் போடும். பின்பக்கத் தகரத்த நெம்புனா நான் பூந்துடுவேன். ஒரே நிமிஷம்."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அவன் சொன்னது எளிய வழி. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவசரத்தில் திருட்டுத்தனமாக, இரண்டு முனையையும் சீராக வளைக்கிற கயிறு மாட்டாமல், காலுக்கிடையில் வில்லைக் கொடுத்து நாணை இறக்கினால் மூங்கில் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். 'செட்' ஆனதற்காவது வைத்தியம் உண்டு. முறுக்கியதற்கு அடுப்புதான். அது ஒன்று. இன்னொன்று, காலையில் சரோஜம்மா வந்து கரும்புகளைப் பார்ப்பார். அதற்கப்புறம் அந்தக் கதவு நமக்குத் திறக்காது. வில்லுக்குத் தேவை நல்ல மூங்கில் மட்டுமா? அது படுப்பதற்கு ஓர் இடம், அந்த இடத்தின் சாவியை நம்பிக் கொடுக்கிற ஒருவர் எல்லாம் தேவை. இதெல்லாம் வில் பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

"திருட்டு வேலை வேணாம். அவங்ககிட்டயே பேசறேன்" என்றேன்.

பேசினேன். நான் பௌதிகம் படித்தவள். விசை, மீள்திறன், வெப்பத்தில் நாரிழை தளர்வது என்று ஆரம்பித்து, தரையில் குச்சியால் படம்கூட வரைந்தேன். சரோஜம்மா பொறுமையாகக் கேட்டார்.

"படம் நல்லா கீது. நாளைக்கு எறக்கு."

"நாளைக்கு அது கெட்டுப்போயிடும்மா!"

"ஆயுதத்த கும்பிட்டா கெட்டுப்போவுமா? இன்னா பேச்சு பேசறே? எங்க நைனா காலத்துலருந்து கும்பிடறோம். இன்னிக்கு ஒரு நாள் அதுங்களுக்கு ரெஸ்ட்டு. வருஷம் பூரா ஒழைக்கிற சாமான் ஒரு நாள் சும்மா இருக்கணும். அதுக்குத்தாம்மே இந்த பூஜையே."

ரெஸ்ட்டு!

அந்த ஒரு வார்த்தையில் எனக்குள் ஏதோ துள்ளியது. மலைப்படியில் வந்தது போலவே. நான் படித்த பௌதிகம் முழுவதும் அந்த வார்த்தைக்குள் இருந்தது, நான்தான் தப்பான மொழியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரோஜம்மா, அந்தத் துண்ட கொஞ்சம் குடுங்க."

அவர் தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை வாங்கினேன். ஒரு முனையை அவருடைய வலது கையிலும் மறுமுனையை இடது கையிலும் கொடுத்தேன். "ரெண்டு கையையும் மேல தூக்குங்க. துண்டு விறைப்பா இருக்கற மாரி இழுத்துப் புடிங்க. தொய்யக்கூடாது."

"இன்னாத்துக்கு?"

"ஒரு வேண்டுதல்."

வேண்டுதல் என்றதும் மறுபேச்சில்லாமல் தூக்கிப் பிடித்தார். பூஜைப் பொரி வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் அவரிடம் கடை வியாபாரம் எப்படி, மகள் எப்போது வருகிறாள் என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் நன்றாகப் பதில் சொன்னார். பிறகு பதில்கள் குட்டையாயின. பிறகு முழங்கை நடுங்கத் தொடங்கியது.

"கைய எறக்கிக்கட்டா?"

"நாளைக்கு எறக்கிக்கலாம்மா. மறுபூஜை போட்டப்புறம்."

ஜெபா வாயைப் பொத்திக்கொண்டாள். பாலாஜி மரத்துக்குப் பின்னால் ஓடினான். சரோஜம்மா என்னை முறைத்தார். துண்டைப் பார்த்தார். திரும்பி, திறந்திருந்த கதவு வழியாக, விறைத்து நின்ற விற்களின் வரிசையைப் பார்த்தார். கை இறங்கவில்லை, ஆனால் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அடிப்பாவி," என்றார். "அப்ப அதுங்களும் காலைலருந்து இப்டித்தான் நின்னுகினு கீதா?"

"ஆங். ஒரு நிமிஷம்கூட ரெஸ்ட்டு இல்ல."

துண்டை வீசி எறிந்தார். "மாட்டுப் பொங்கலுக்கு மாட்ட நொகத்தடியோட வெச்சி யாரும் கும்பிடுவாங்களா? இந்தப் பையன் பேச்சக் கேட்டுகினு நொகத்தோட நிக்க வெச்சி பூஜை போட்டுட்டேனே! டேய் பாலாஜி! வா இங்க! கரும்பு மாரி கீதாம் கரும்பு மாரி! உன்ன மொதல்ல ஆலைல உடணும்!"

அப்புறம் நடந்ததை நான் திட்டமிடவில்லை. நானாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்திருப்பேன். சரோஜம்மா விடவில்லை. பூஜையில் இருப்பதைச் சும்மா தொடக்கூடாதாம். மறுபடி கற்பூரம் ஏற்றினார், ஒவ்வொரு வில்லுக்கும் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு "தெரியாம நிக்க வெச்சிட்டேன், மன்னிச்சிக்க" என்று சொன்னார். அவர் சொன்னபிறகுதான் நான் கயிற்றை மாட்டி, இரண்டு முனையும் ஒரே சீராக வளையும்படி நாணை இறக்கலாம். ஒவ்வொரு நாண் இறங்கும்போதும் அவரே "ஹப்பாடா" என்று பெருமூச்சு விட்டார். பொரி வாங்க வந்தவர்களும் சேர்ந்து விட்டார்கள். ஒரு கட்டத்தில் அது ஒரு பஜனை மாதிரியே ஆகிவிட்டது. மன்னிப்பு, நாண், ஹப்பாடா!

இறக்கியதைத் தரையில் வைக்கவும் விடவில்லை. பக்கத்திலேயே அவர் வீடு; அங்கே பாய், அதன்மேல் தலையணைகள், போர்த்துவதற்குப் பொதட்டூர்பேட்டைப் பருத்தி லுங்கிகள். அந்த வீட்டின் குளிர்ச்சியான நடு அறையில் விற்கள் எல்லாம் பிரசவ வார்டுக் குழந்தைகள் போல வரிசையாகப் படுத்திருந்தன. உண்மையைச் சொல்கிறேன், நான் தேடித் தேடிப் படித்த பராமரிப்பு முறைகளில் முக்கால்வாசியை அந்த அம்மா ஒரே மூச்சில் செய்து முடித்திருந்தார்: படுக்கை, நிழல், காற்றுப்போகும் துணி. தலையணை மட்டும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

ஜெபாவின் வில்லைக் கடைசியாக இறக்கினோம். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. விளக்குப் பக்கம் இருந்த மேல் கை, அதாவது பிடிக்கு மேலே உள்ள பாதி, கீழ்க் கையைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைந்தே நின்றது. நாண் இல்லாமலேயே.

பாலாஜிக்கும் முகம் செத்துவிட்டது. "அக்கா, கற்பூரத்துல லேசா காட்டி முட்டியில வெச்சி நிமித்திடலாமா? நான் பண்ணதுதானே, நானே..."

"கைய எடு."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். எதையாவது செய்து சரிசெய்ய வேண்டும் என்று கை பரபரக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூங்கில் தானாகத் திரும்பும், எவ்வளவு திரும்பும் என்றுதான் யாராலும் சொல்ல முடியாது. நிமிர்த்துகிறேன் என்று போனால் ஒரு 'டக்' சத்தம் போதும், முடிந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று முடிவெடுத்தேன். சாவி என் கையில் இருந்த காலம் முழுவதிலும் நான் எடுத்த மிகக் கஷ்டமான முடிவு அதுதான். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு வராது. நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள்.

ஜெபா வில்லின் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரும்மா," என்றார் சரோஜம்மா. "தூங்கற கொழந்தைய பாத்துகினே இருந்தா தூக்கம் கலைஞ்சிடும். வந்து சுண்டல் துன்னு."

மறுநாள் காலை, தேர்வு மைதானத்துக்கு எங்களோடு வேனில் ஏறியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மறுபூஜை போடாமல் வில்லைத் தொட்டால் தெய்வக் குத்தமாம். வீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பலாமே என்றேன். எங்கே வேலை செய்யப் போகிறதோ அங்கேதான் எழுப்பவேண்டும் என்றுவிட்டார். மற்ற ஊர்ப் பிள்ளைகள் கையைக் காலை உதறிக்கொண்டிருக்க, எங்கள் பக்கம் மட்டும் மணியடித்துத் தேங்காய் உடைந்தது. அதிகாரி ஒருவர் ஓடிவந்தார்.

"என்னம்மா இது, கிரவுண்டுல?"

"எழுப்பறோம் சார். அசந்து தூங்குது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரோஜம்மா தேங்காய்மூடியை அவர் கையில் கொடுத்துவிட்டார். தேங்காய்மூடியோடு கண்டிப்பாகப் பேச யாராலும் முடியாது.

லுங்கியைப் பிரித்தேன். மேல் கை திரும்பியிருந்தது. முழுக்க இல்லை, முக்கால்வாசி. நாணை ஏற்றி, முதலில் கால்வாசி இழுக்கச் சொன்னேன், பிறகு பாதி, பிறகு முழுக்க. அவசரப்படுத்தவில்லை.

"கொஞ்சம் மெத்துன்னு இருக்குதுக்கா," என்றாள் ஜெபா.

"கீழ விழும். கொஞ்சம் மேல பார்த்து விடு. வில்லு மாறிடுச்சுன்னு நெனைக்காத. இன்னிக்கு அது இப்படி இருக்குது, அவ்ளோதான்."

முதல் அம்பு கீழேதான் குத்தியது. ஓரத்து வெள்ளை வளையத்தில். பாலாஜி தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இரண்டாவது இன்னும் கொஞ்சம் மேலே. மூன்றாவதை விடுவதற்கு முன் அவள் வில்லை ஒரு முறை பார்த்தாள், எதையோ அதனிடம் கேட்பது போல. அதற்கப்புறம் நடு மஞ்சள் வட்டத்தைவிட்டு அவள் வெளியே வரவில்லை. மதியம் பெயர்களை வாசித்தபோது எங்களுக்குக் கேட்கவே இல்லை, ஏனென்றால் அதிகாரி வாயைத் திறப்பதற்குள் சரோஜம்மா குலவை போட்டுவிட்டார். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன்தான் "உங்க பொண்ணு பேரு வந்துச்சு" என்று சொன்னான். மூன்று பேரும் சேர்ந்து ஜெபாவைத் தூக்கப்போய் மூன்று பேரும் விழுந்தோம். வில்லை மட்டும் கீழே விடவில்லை. ஜெபா அதைத் தலைக்கு மேலே பிடித்தபடியே விழுந்தாள். நாணை அவள் அதற்கு முன்பே இறக்கியிருந்தாள்!

ஆகவே, சாவி வாங்குகிறவர்களே, நாணை இறக்குங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். இறக்கவிடாமல் ஒருவர் குறுக்கே நின்றால் அவரை எதிரியாக்கிவிடாதீர்கள். அவர் எதைக் காப்பாற்ற நிற்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரும் அதே வில்லைத்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பார்.

நான் ஏன் கிளம்புகிறேன் என்று கேட்டீர்கள் அல்லவா? ஜெபா இப்போது மாநில அணியில் இருக்கிறாள். வருகிற கத்தரி வெயிலில் அவளுக்குத் தூரத்துப் பயணம், பஸ்ஸும் ரயிலுமாக; வில்லைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போகிறேன். அறையில் இருக்கிற வில்லைப் பார்த்துக்கொள்ள இனி நீங்கள் இருக்கிறீர்கள். ஓடுகிற வண்டியின் கூரைக்கு அடியில் வேகிற வில்லை எப்படிக் காப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் உருப்படியாக இல்லை. அதனால் அகலமான பிவிசி குழாய் ஒன்று வாங்கியிருக்கிறேன். உள்ளே இலவம்பஞ்சு, வெளியே வெள்ளைப் பெயின்ட், இரண்டு முனையிலும் காற்றுத் துளை. வருகிற ஞாயிறு, உச்சிவெயிலில், பள்ளிப்பட்டு பஸ்ஸுக்குள் சாமான் வைக்கிற மேல்தட்டில் அதை வைத்துப் போய்த் திரும்பிவரப் போகிறேன். குழாய்க்குள் ஒரு வெப்பமானியும் ஒரு வில்லும் இருக்கும்.

எந்த வில்லை வைப்பது என்றுதான் ஒரு வாரமாகச் சண்டை. ஒடிந்ததை வை, பழசை வை என்று பாலாஜி சொல்கிறான். ஒடிந்த வில்லை வைத்தால் நான் வழியில் தூங்கிவிடுவேன். குழாயைத் திறக்க எனக்கே பயமாக இருக்க வேண்டும், அப்போதுதான் சரியாகச் செய்திருப்பேன். அதனால் நான் எய்கிற என் சொந்த வில்லையே வைக்கிறேன்.